நிலவு சரசரத்தால் யாரைப் பிடிப்பது?

கொலைக் கதை எழுதிப் பிழைக்க முடியுமா? அதை மட்டுமே நம்பி முதல் சில வருடங்களை ஓட்ட முடியாது. ஆனால் ஒரே கொலையை மூன்று பேர் வாயால், மூன்று விதமான தமிழில் சொல்லத் தெரிந்தவருக்கு இன்று வேலை இருக்கிறது. மாத நாவலுக்கு ஆகும். பிரதிலிபி மாதிரியான செயலித் தொடருக்கு ஆகும். ஆளுக்கொரு குரல் வைத்துப் பதிவு செய்யும் ஒலிக்கதைக்கு ஆகும். ஓடிடி தொடர்களுக்கோ இதுதான் உயிர். இதைக் கற்றுக்கொள்ளச் சென்னைக்கு வண்டி ஏற வேண்டியதில்லை. குரும்பலூரிலிருந்து பெரம்பலூர் வரை டவுன் பஸ்ஸில் போனால் போதும். ஏன் என்று பின்னால் வருகிறேன்.

எழுத ஆசைப்படும் கல்லூரிப் பிள்ளைகளில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, பெயரிலேயே லால்குடியைச் சுமந்த லா.ச.ராமாமிருதத்தைப் படித்து மயங்கியது. அவர்கள் கதையில் டீக்கடைக்காரரும் கவிதை பேசுவார், இன்ஸ்பெக்டரும் கவிதை பேசுவார், பிணம் மட்டும்தான் சும்மா கிடக்கும். இன்னொரு கட்சி ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று மாத நாவலில் வளர்ந்தது. விறுவிறுப்பு இருக்கும், ஆனால் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் பேசுவது ஒரே ஆள்தான். இரண்டு கட்சிக்கும் சேர்த்து என்னிடம் இருப்பது ஒரே யோசனை: கதையில் கவிதை பேசும் உரிமையை ஒருவருக்கு மட்டும் கொடுங்கள். அதையும் அவர் எதையோ மறைக்கிற இடத்தில் மட்டும் கொடுங்கள்.

முன்னோர் போட்ட பாதை

பல பேர் சொல்லும் குற்றக்கதை நமக்குப் புதிதல்ல. 1954இல் ஏவி.எம். தயாரித்து எஸ்.பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தைப் பாருங்கள். ரேடியோ என்ஜினீயர் ஒருவர் தொடக்கத்திலேயே சுடப்பட்டு விழுகிறார். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, மனைவி என்று ஒவ்வொருவரும் தன் கணக்கைச் சொல்கிறார்கள். திரைக்கதை எழுதிய ஜாவர் சீதாராமன் துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார். அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ தந்த தூண்டுதல் அதில் உண்டு. பாட்டே இல்லாமல் அன்றைக்குத் தமிழில் ஒரு படம் எடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ஐம்பது வருடம் கழித்து 2004இல் வந்த ‘விருமாண்டி’, சிறைக்குள் இரண்டு கைதிகளைப் பேசவிட்டு ஒரே கதையை இரண்டு தடவை ஓட்டிக் காட்டியது. 2022 டிசம்பரில் வந்த ‘வதந்தி’ தொடரில் வெலோனி என்ற பெண்ணைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அவள் யார் என்பதே வழக்காகிவிடுகிறது.

அச்சில் பார்த்தால், 1968இல் குமுதத்தில் வந்த சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ விசாரணைக்கு நடுவே ஒரு பெண்ணின் டைரிப் பக்கங்களைச் செருகியது. ‘கரையெல்லாம் செண்பகப்பூ’வில் அவர் நாட்டுப்புறப் பாடல் சேகரிக்க வந்த ஆளைக் கிராமத்துக் கொலைக்குள் இறக்கினார். பாட்டும் கொலையும் ஒரே ஊரில் இருக்கலாம் என்பதற்கு அது நல்ல பாடம். வெளியூரில் வில்கி காலின்ஸ் 1868இலேயே ‘மூன்ஸ்டோன்’ நாவலை வீட்டு வேலையாளில் தொடங்கிப் பலர் கையில் மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டார்.

ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் ஓரான் பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’ வாங்குங்கள். ஜி.குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் காலச்சுவடு வெளியீடாகத் தமிழில் கிடைக்கிறது. 16ஆம் நூற்றாண்டு இஸ்தான்புல்லில் சுவடிகளுக்குச் சித்திரம் தீட்டும் கலைஞன் ஒருவன் கொல்லப்படுகிறான். கிணற்றுக்கடியில் கிடக்கும் அவன் பிணம்தான் முதல் அத்தியாயத்தைச் சொல்கிறது. பிறகு நாய், மரம், காசு, சிவப்பு நிறம் என்று 59 அத்தியாயங்களில் எல்லாம் பேசுகின்றன. தொழில் கற்கிறவர் கவனிக்க வேண்டிய சூட்சுமம் வேறு. கொலையாளி இரண்டு வேடத்தில் பேசுகிறான். கொலையாளி என்ற பெயரில் சில அத்தியாயங்கள், தன் பட்டறைப் பெயரில் சில அத்தியாயங்கள். நடையை வைத்து இரண்டையும் பொருத்த முடிகிறதா என்று பாமுக் நம்மைச் சீண்டுகிறார். அங்கே நடையே கைரேகை.

ஒரு பட்டறை, மூன்று வாய்

நம் ஊர்ச் சரக்கை வைத்தே செய்து பார்க்கலாம். 2019 கடைசியில் வெங்காய விலை தாறுமாறாக ஏறியபோது, பெரம்பலூர் மாவட்டத்தில் விதைக்கு வைத்திருந்த சின்ன வெங்காயமே திருடு போனது செய்தியானது. அந்தக் காலத்தில் ஒரு கற்பனைக் குற்றத்தை வைத்துக்கொள்வோம். காட்டுக்கொட்டகை ஒன்றில் பெரியவர் ஒருவர் தட்டி கட்டிப் பட்டறை போட்டு, அதில் வெங்காயத்தைச் சேமித்து வைத்திருக்கிறார். விடிந்து பார்த்தால் பட்டறை பிரிந்து கிடக்கிறது. பெரியவர் கிணற்றடியில் இறந்து கிடக்கிறார். அதிகாலை நாலரை மணிக்குத் திருட வந்தவர்கள் அவரை அடித்துவிட்டு ஓடினார்கள் என்பது போலீஸ் கணக்கு.

முதலில் மினிபஸ் கண்டக்டர் பேசுகிறார்: “கடைசி ட்ரிப்புல பதினோரு டிக்கெட்டு. பெரியவரு மகன் டவுன்ல ஏறுனாரு. அம்பது ரூவா நோட்டு. மீதி வாங்காமயே எறங்கிட்டாரு. ஒத்த ரூவாய்க்கு நின்னு சண்ட போடுற ஆளுங்க அவரு.”

அடுத்தது விஏஓ: “சம்பவ இடத்தைப் பார்வையிட்டபோது மேற்படி பட்டறையின் வடபுறத் தட்டி பிரிக்கப்பட்டும், சுமார் ஆறு மூட்டை அளவுக்கு வெங்காயம் குறைந்தும் காணப்பட்டது. முற்றம் பெருக்கி, தண்ணீர் தெளிக்கப்பட்டிருந்தது.”

கடைசியில் மருமகள்: “அன்றைக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. பத்து மணி இருக்கும், கதவைத் திறந்தேன். முற்றமெல்லாம் நிலவு உரிந்து உரிந்து கிடந்தது. கால் வைத்தேன், சரசரத்தது. திரும்பி வந்து படுத்துக்கொண்டேன்.”

வாசகர் முதல் தடவை ‘அட, நல்ல வரி’ என்று தாண்டிப் போவார். தாண்டட்டும். நூறு பக்கம் கழித்து இன்ஸ்பெக்டரம்மா அதே வரிக்குத் திரும்பி வருகிறார். நிலவு சரசரக்காது. வெங்காயச் சருகுதான் சரசரக்கும். முற்றம் முழுக்கச் சருகு கிடந்தது என்றால் இரவு பத்து மணிக்கே பட்டறை பிரிந்துவிட்டது. விடிவதற்குள் யாரோ முற்றத்தைப் பெருக்கியிருக்கிறார்கள். அதை விஏஓ ஒன்றும் யோசிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். மீதிச் சில்லறையை மறந்து இறங்கிய மகன் எத்தனை மணிக்கு வீட்டில் இருந்தான் என்பதைக் கண்டக்டரின் கடைசி ட்ரிப் நேரம் சொல்லிவிடும். நாலரை மணிக் கணக்கு அத்தோடு விழுந்தது.

மருமகள் ஏன் அப்படிப் பேசினாள்? சருகு என்று சொன்னால் புருஷன் உள்ளே போவான். சொல்லாமல் இருக்கவும் மனசு இடம் கொடுக்கவில்லை. அதனால் நிலவின் மேல் போட்டுச் சொன்னாள். கவிதை அவளுக்கு அலங்காரம் இல்லை, ஒளிந்துகொள்ளும் இடம். இந்தக் காரணம் இல்லாவிட்டால் அந்த வரியை நான் வெட்டிவிடுவேன்.

இப்போது கண்டக்டரையும் கவிதை பேசவிட்டுப் பாருங்கள். டிக்கெட்டுகள் இலையாக உதிரும், பஸ் இருளைக் குடிக்கும். அதற்குப் பிறகு நிலவு சரசரத்தால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். எல்லாரும் பொய் நகை போட்ட கல்யாணத்தில் தங்கத்தை யார் தேடுவார்? கண்டக்டருக்கு எண்ணும் காசும், விஏஓவுக்கு ‘மேற்படி’யும் ‘காணப்பட்டது’ம், மருமகளுக்கு மட்டும் உவமை. இந்த மூன்று வேலிகளையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை காக்க வேண்டும். பெயரை மறைத்துவிட்டு எந்தப் பத்தியை எடுத்துப் படித்தாலும் யார் பேசுகிறார் என்று தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் அத்தியாயத் தலைப்பில் பெயர் போட்டுக் காப்பாற்ற முடியாது.

நிலவு என்று எழுதினால் பஞ்சாங்கத்தையும் பாருங்கள். 2019 டிசம்பர் 12 பௌர்ணமி, அதனால் அந்த வாரத்தில் கதையை வைக்கலாம். கார்த்திகை மாதம், மழை மேகம் இருந்ததா என்று பழைய செய்தித்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது என்பதும் உங்களுக்கு வசதிதான். ‘நான் அப்போது அங்கே இல்லை’ என்று யார் சொன்னாலும் அது பஸ் நேரத்தில்தான் வந்து நிற்கும். ரயில்வே டைம்டேபிளை வைத்து எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். மினிபஸ்ஸின் கடைசி ட்ரிப் இன்னும் காத்துக்கிடக்கிறது.

பயிற்சிக்கூடம் கோர்ட்டில் இருக்கிறது

டவுன் பஸ் கதைக்கு வருகிறேன். பெரம்பலூரில் நீதிமன்ற வளாகம் இருக்கிறது. குற்ற வழக்கு விசாரணை பொதுவாகத் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்க வேண்டும் என்பது சட்டம். பாலியல் வன்கொடுமை, போக்சோ போன்றவை விலக்கு. மற்ற வழக்குகளில் ஓரமாக உட்கார்ந்து கேட்கலாம். செல்போனை அணைத்துவிடுங்கள். குறிப்பெடுக்கும் முன் அங்கே உள்ள ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை.

என்ன கேட்க வேண்டும்? விசாரணையின்போது போலீஸ் எழுதும் சாட்சி வாக்குமூலம் ஒன்று உண்டு. பழைய சட்டத்தில் 161ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 180. அதில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது. எழுதுவது போலீஸ்காரர் என்பதால் விவசாயியும் வாத்தியாரும் பூக்காரம்மாவும் ஒரே தமிழில் பேசுவார்கள்: நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து வருகிறேன், கூலி வேலை செய்து வருகிறேன். புது எழுத்தாளர்களின் பல்குரல் நாவல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. அதே பூக்காரம்மா சாட்சிக் கூண்டில் ஏறி, எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் குடையும்போது, “எனக்கு மணியெல்லாம் தெரியாதுங்க, கோயில்ல உச்சிகால மணி அடிச்சுது” என்பார். அந்த இடத்தில்தான் குரல் பிறக்கிறது. நீங்கள் பிடிக்க வேண்டியது கூண்டில் வரும் குரலை. தவிர்க்க வேண்டியது காகிதத்தில் இருக்கும் குரலை. விஏஓ மாதிரி காகிதத் தமிழே தன் தமிழாகிப்போன பாத்திரம் ஒன்றுக்கு மட்டும் அதைக் கொடுங்கள்.

பிறழ் சாட்சி என்ற ஒன்று இருக்கிறதே, அதைவிடப் பெரிய கதைசொல்லிப் பாடம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது. போலீஸிடம் பார்த்தேன் என்றவர் கோர்ட்டில் பார்க்கவில்லை என்கிறார். ஒரே வாயில் இரண்டு கதை. நடுவில் என்ன நடந்திருக்கும் என்பது முழு நாவல்.

சட்டத்தில் இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் நடப்பில் உள்ளன. அதற்குப் பிறகு நடந்த கொலை என்றால் பழைய சட்டத்தின் 302 என்று எழுதாதீர்கள், பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. அதற்கு முந்தைய சம்பவம் என்றால் 302தான். அடுத்து, போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. அதைக் கொண்டு கண்டெடுத்த பொருள் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். அதனால்தான் நம் ஊர் வழக்குகளில் விஏஓவும், பொருளைக் கண்டெடுத்ததைச் சாட்சிகள் முன் எழுதும் மகஜரும் அடிக்கடி வருகின்றன. இன்ஸ்பெக்டர் ஓங்கி அறைந்தார், அவன் கக்கிவிட்டான், சுபம் என்று முடிக்கும் கதை, விஷயம் தெரிந்த வாசகருக்கு வழக்கு விடுதலையில் முடிந்த கதை.

நிஜ வழக்கை எடுத்தால் ஊர், தொழில், உறவு மூன்றையும் மாற்றுங்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவதே தனிக் குற்றம்.

மேசை வேலை

முதல் நாவலுக்கு மூன்று கதைசொல்லிகள் போதும். அமெரிக்க எழுத்தாளர் ஃபாக்னர் 1930இல் ஒரு நாவலைப் பதினைந்து பேரை வைத்து எழுதினார். அவர் ஃபாக்னர்.

எழுத ஆரம்பிக்கும் முன் ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் மணி நேரம், மேலே ஆட்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நேரத்தில் அவர் எங்கே, அவருக்கு என்ன தெரியும், அதில் எதைச் சொல்ல மாட்டார். இந்தக் கடைசிக் கேள்விதான் யாரிடமிருந்து யாருக்குக் கதை கைமாற வேண்டும் என்று சொல்லும். ஒருவர் சொல்ல மறுக்கிற இடத்துக்கு வந்தவுடன் அடுத்தவர் கையில் கொடுங்கள். ஒற்றைப்படை அத்தியாயம் அவன், இரட்டைப்படை அத்தியாயம் அவள் என்று கடிகாரம் மாதிரி மாற்றினால் ஐந்தாவது அத்தியாயத்தில் வாசகர் தூங்கிவிடுவார். கில்லியன் ஃபிளின் ‘கான் கேர்ள்’ நாவலில் கணவனையும் மனைவியையும் மாறி மாறிப் பேசவைத்தாரே என்பீர்கள். அங்கே மாற்றம் ஒழுங்காக இருப்பதே வாசகருக்கு வைத்த பொறி.

கதைசொல்லி பொய் சொல்லலாம், எழுத்தாளர் சொல்லக் கூடாது. மருமகள் பத்து மணிக்குக் கதவைத் திறந்தேன் என்பது உண்மை. கிடந்தது என்பது உண்மை, சரசரத்தது என்பது உண்மை. பொருளைத்தான் மாற்றிச் சொன்னாள். கடைசியில் வாசகர் முன்பக்கம் புரட்டிப் பார்த்தால் எல்லாம் அங்கேயே இருக்க வேண்டும். பணம் கொடுத்து வாங்கியவருக்கு அது உரிமை.

தனியாக முடியவில்லையா, துணை தேடுங்கள். சுபா என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு நண்பர்கள். மாத நாவலில் தொடங்கி ‘அயன்’, ‘கோ’ என்று கே.வி.ஆனந்தின் படங்கள் வரை சேர்ந்தே எழுதினார்கள். பல்குரல் நாவலுக்கு இரட்டையர் முறை நன்றாகப் பொருந்தும். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டால் நடை தானாகவே பிரியும். வரும் காசை எப்படிப் பிரிப்பது என்று மட்டும் முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள்.

ஊடகத்துக்கு ஊடகம் வேலை மாறும். செயலித் தொடரில் ஒரு பகுதிக்கு ஒரு குரல் என்று வையுங்கள். நடுவில் மாற்றினால் பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்கிறவர் தவறவிடுவார். ஒலிக்கதையில் தலைப்பு, இடைவெளி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. முதல் வாக்கியத்திலேயே ஆள் தெரிய வேண்டும். திரைக்கதை என்றால் ‘டிஸ்கஷன்’ அறையில் உங்கள் உவமைகளை எல்லாம் உதறிவிடுவார்கள். நினைவுகளின் நதி, மௌனத்தின் பாசி எதையும் கேமரா எடுக்காது. நிலா வெளிச்சத்தில் முற்றம் நிறையக் கிடக்கும் சருகை எடுக்கும். உவமைக்குள் தடயம் இருந்தால் அது தாளிலிருந்து திரைக்கு உயிரோடு போய்ச் சேரும்.

காசும் கையெழுத்தும்

வேலையை விடாதீர்கள். சுஜாதா பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இருந்தார்; லா.ச.ரா. வங்கியில் இருந்தார். அச்சுப் புத்தகத்துக்குப் பத்து சதவீத ராயல்டி என்பது வழக்கமாகப் பேசப்படும் கணக்கு. இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் சில நூறு பிரதிதான் போடுகிறார்கள். கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். காசு வருவது ஒரே கதை பல ஊடகத்துக்குப் போகும்போதுதான். அதனால் எந்த உரிமையை யாருக்குக் கொடுத்தோம் என்பது கதையைவிட முக்கியம்.

1957 பதிப்புரிமைச் சட்டத்தின்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்று கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர, அது உங்களுக்கே திரும்பும். ‘அனைத்து உரிமைகளும், அனைத்து ஊடகங்களும், நிரந்தரமாக’ என்று ஒரு வரி இருந்தால் பேனாவை மூடுங்கள். ஒலி, மின்னூல், திரை, மொழிபெயர்ப்பு நான்கையும் தனித்தனியாகப் பேசுங்கள்.

திரைக்குக் கொடுக்கும் முன் சென்னையில் உள்ள தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் கதையைப் பதிவு செய்யும் முறை இருக்கிறது. 2018இல் ‘சர்கார்’ படக் கதைச் சிக்கலில் வருண் ராஜேந்திரனுக்குக் கை கொடுத்தது 2007இலேயே அங்கே பதிவாகியிருந்த அவருடைய ‘செங்கோல்’ கதைதான். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய்ச் சமரசமாகி, படத்தில் அவருக்கு நன்றி வந்தது. பதிவில்லாமல் வாயால் மட்டும் கதை சொல்லிவிட்டு வந்தவருக்கு அந்தப் பிடி கிடைக்காது.

அனுப்பும்போது மூன்று பக்கச் சுருக்கம், ஒவ்வொரு கதைசொல்லிக்கும் ஒரு மாதிரி அத்தியாயம், அந்த நேரக் கட்டத்தின் நகல் இவ்வளவும் போதும். சுருக்கத்தில் கொலையாளி யார் என்பதை எழுதிவிடுங்கள். ‘முடிவைத் திரையில் காண்க’ என்று எடிட்டரிடம் புதிர் போட்டால் அவர் அடுத்த கவரைப் பிரிக்கப் போய்விடுவார்.